மக்காவின் பெருவணிகர் கதீஜா அம்மையார்

முதல் போடுகிறவர் ஒருவர். அதைக் கொண்டு வெளியூர் சென்று சரக்கை விற்று வருகிறவர் இன்னொருவர். இலாபத்தில் இருவருக்கும் பங்கு. நம் வணிகர்கள் நன்கறிந்த இந்த ஏற்பாடு, இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே அரபு நாட்டில் வழக்கத்தில் இருந்தது. அந்த முறையில் முதல் போட்டு மக்கா நகரில் பெயர் பெற்று விளங்கியவர் ஒரு பெண்மணி. நபிகள் நாயகம் அவர்களின் முதல் துணைவியார் என்றும், அவர்களை முதன்முதலில் ஏற்றுக்கொண்டவர் என்றும் இஸ்லாமிய உலகம் போற்றும் கதீஜா அம்மையார்தாம் அவர். அவருடைய சமயச் சிறப்பைக் கூறும் நூல்கள் ஏராளம். வணிகர்களாகிய நாம் அவரை வணிகர் என்ற முறையிலும் தெரிந்துகொள்வது நல்லது.

மக்கா, பயிர் விளையாத பாறைப் பள்ளத்தாக்கு. கஅபா ஆலயமும் ஜம்ஜம் நீரூற்றும் இருந்தனவே தவிர, உண்ணும் தானியம் வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே அங்கு வாழ்ந்த குறைஷிக் குலத்தாருக்கு வணிகமே பிழைப்பு. குளிர்காலத்தில் தெற்கே யமன் நாட்டுக்கும், கோடைகாலத்தில் வடக்கே ஷாம் எனப்படும் சிரியா பகுதிக்கும் அவர்களுடைய ஒட்டகக் கூட்டங்கள் போய்வந்தன. திருக்குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் இந்த இரண்டு பயணங்களையும் குறிப்பிடுகிறது. தோல், உலர்ந்த திராட்சை, நறுமணப் பொருள்கள் போகும். தானியம், எண்ணெய், துணி வரும். எல்லாரும் பயணம் போவதில்லை. ஊரில் பணம் வைத்திருந்தவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு அனுப்புவார்கள். 624ஆம் ஆண்டு ஷாமிலிருந்து திரும்பிய ஒரு கூட்டத்தில் 1,000 ஒட்டகங்களும் 50,000 தீனார் மதிப்புள்ள முதலும் இருந்தன என்றும், கையில் சிறு பொன் வைத்திருந்த ஆணும் பெண்ணும்கூட அதில் பங்கு போட்டிருந்தனர் என்றும் பழைய வரலாற்றாசிரியர் வாகிதீ எழுதுகிறார்.

இத்தகைய ஊரில், அசத் கிளையைச் சேர்ந்த குவைலித் என்பவரின் மகளாகக் கதீஜா பிறந்தார். இரு முறை மணம் செய்து தனித்து நின்றவர். குலப் பெரியவர்கள் பலர் பெண் கேட்டும் இசையவில்லை. வீட்டிலிருந்தபடியே தம் வணிகத்தை நடத்தி வந்தார். குறைஷியர் அனைவரின் சரக்கும் சேர்ந்த அளவுக்கு அவர் ஒருவரின் சரக்கு இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். எனினும் பெரிய கை என்பதில் ஐயமில்லை. ஒழுக்கத்தின் காரணமாக அவருக்குத் 'தாஹிரா', அதாவது தூயவர், என்ற பெயரும் இருந்தது.

ஆள் பார்த்து முதல்

அவருடைய தொழிலில் உள்ள சங்கடத்தை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். சரக்கு புறப்பட்டால் திரும்பப் பல வாரங்கள் ஆகும். தந்தி இல்லை, வங்கி இல்லை. அங்கே என்ன விலைக்கு விற்றது, எதை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதெல்லாம் திரும்பி வருகிறவர் வாயால் சொன்னால்தான் உண்டு. நட்டம் என்று அவர் கைவிரித்தால், அது முதல் போட்டவர் தலையில் விழும். உழைத்தவருக்கு உழைப்பு வீண். இம்முறையைப் பிற்கால இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் முளாரபா என்றும் கிராள் என்றும் பெயரிட்டு விதிகள் வகுத்தார்கள். 795இல் காலமான இமாம் மாலிக் அவர்களின் முவத்தா நூலில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. கதீஜா அம்மையாரின் காலத்தில் அந்த நூல்கள் ஏது? ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் அவருக்கிருந்த ஒரே பாதுகாப்பு.

595ஆம் ஆண்டு வாக்கில் அவர் தேர்ந்தெடுத்தவர், அபூதாலிபின் தம்பி மகனான 25 வயது இளைஞர் முஹம்மத் அவர்கள். கையில் முதல் இல்லாதவர். ஆனால் ஊரார் அவரை 'அல் அமீன்', நம்பிக்கைக்கு உரியவர், என்று அழைத்தனர். அம்மையார் தாமே ஆள் அனுப்பி, மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிகம் தருவதாகச் சொன்னார். நாணயமான ஆளைக் குறைந்த பங்குக்குப் பிடிக்கப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம் பணியாளர் மைஸராவையும் உடன் அனுப்பினார். நம்பிக்கை வேறு, மேற்பார்வை வேறு என்று தெரிந்தவர் அவர்.

ஷாம் நாட்டின் புஸ்ரா நகரில் விற்பனை நடந்தது. அங்கே ஒரு வியாபாரியுடன் சரக்கைப் பற்றித் தகராறு வந்தபோது, லாத், உஸ்ஸா ஆகிய தெய்வங்களின் மேல் சத்தியம் செய்யும்படி அவன் கேட்டான். அப்படி ஒருபோதும் சத்தியம் செய்ததில்லை என்று அவர்கள் மறுத்தார்கள். அவன் அந்த வெறும் சொல்லையே ஏற்றுக்கொண்டான் என்று இப்னு ஸஅது எழுதியுள்ளார். திரும்பி வந்து, கொண்டுவந்த சரக்கை அம்மையார் மக்காவில் விற்றபோது ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று.

இந்த இரட்டிப்பு இலாபத்தைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அதைவிட மைஸரா வந்து சொன்னதே பெரிது என்பது என் கருத்து. வெயிலிலும் பசியிலும் பேரத்திலும் ஒருவரோடு பல நாள் கூட இருந்தவன் சொல்லும் சாட்சிக்கு ஈடேது? அதைக் கேட்ட பிறகுதான் அம்மையார் நஃபீஸா என்ற தோழியை அனுப்பித் திருமணப் பேச்சைத் தொடங்கினார். மஹராக 20 ஒட்டகங்கள் கொடுக்கப்பட்டதாக இப்னு ஹிஷாம் கூறுகிறார். அம்மையாருக்கு அப்போது வயது 40 என்பது பரவலான கூற்று. 28 என்று கூறும் குறிப்பும் உண்டு. ஸைனப், ருகையா, உம்மு குல்தூம், ஃபாத்திமா என்ற நான்கு பெண்மக்கள் பிறந்தனர். ஆண்மக்கள் சிறு வயதிலேயே இறந்தனர்.

610ஆம் ஆண்டு, ஹிரா குகையில் முதல் இறைச் செய்தி வந்தபோது நாயகம் அவர்கள் உடல் நடுங்க வீடு திரும்பினார்கள். தமக்கு என்ன நேர்ந்ததோ என்ற அச்சம் அவர்களுக்கு. அம்மையார் சொன்ன ஆறுதல் புகாரி நூலில் பதிவாகியுள்ளது. நீங்கள் உறவினரைப் பேணுகிறீர்கள், பிறர் சுமையைத் தாங்குகிறீர்கள், இல்லாதவருக்கு உதவுகிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள். இறைவன் உங்களைக் கைவிடமாட்டான் என்பது அதன் கருத்து. கேள்விப்பட்ட எதையும் அவர் ஆதாரமாகக் காட்டவில்லை. பதினைந்து ஆண்டுகள் கூட இருந்து கண்டதையே எடுத்துவைத்தார். பிறகு, வேதம் கற்ற தம் உறவினர் வரகாவிடம் அழைத்துச் சென்றார்.

கொள்வினை கொடுப்பினை நின்றபோது

புதிய மார்க்கத்தை அடக்க வேறு வழி காணாத குறைஷித் தலைவர்கள், 616ஆம் ஆண்டையொட்டி ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். நாயகத்தின் ஹாஷிம் கிளையாரோடும், அவர்களைச் சேர்ந்த முத்தலிப் கிளையாரோடும் யாரும் பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. எதையும் விற்கவோ வாங்கவோ கூடாது. அந்த ஓலையைக் கஅபாவுக்குள் தொங்கவிட்டனர். வணிகத்தையே நம்பி வாழும் ஊரில் இதைவிடக் கொடிய ஆயுதம் இல்லை. இரு கிளையாரும் அபூதாலிபின் கணவாயில் ஒதுங்கி இருந்தனர். வெளியூர் வியாபாரிகளிடம் அவர்கள் போய் நின்றால் விலையை ஏற்றிச் சொல்லும்படியும், அதனால் விற்காமல் போகும் சரக்குக்குத் தாம் பொறுப்பு என்றும் அபூலஹப் கூறியதாகச் சுஹைலி எழுதுகிறார். குழந்தைகள் பசியால் அழுத குரல் கணவாய்க்கு வெளியே கேட்டதாம்.

கதீஜா அம்மையார் பிறப்பால் அசத் கிளை. தாய்வீட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தால் தடை அவரைத் தொட்டிருக்காது. அவர் கணவரோடு கணவாயில் இருந்தார். அவருடைய அண்ணன் தம்பி வழி மருமகனான ஹகீம் ஒரு நாள் கோதுமையை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போகும்போது அபூஜஹ்ல் வழிமறித்தான். அங்கு வந்த அபுல் பக்தரி, இது இவனிடம் இருந்த இவன் அத்தையின் தானியம், அதைத் தடுக்க நீ யார் என்று கேட்டார். பேச்சு முற்றி, ஒட்டகத் தாடை எலும்பால் அபூஜஹ்லின் தலையை உடைத்துவிட்டார். அபுல் பக்தரி முஸ்லிம் அல்லர். ஹிஷாம் இப்னு அம்ர் என்ற இன்னொருவர், இரவில் ஒட்டகத்தில் தானியம் ஏற்றிவந்து, கணவாயின் வாயிலில் கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, விலாவில் ஓர் அடி கொடுத்து உள்ளே ஓட்டிவிடுவார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்த ஹிஷாமின் முயற்சியால்தான் ஒப்பந்தம் முறிந்தது. ஓலையைக் கிழிக்கப் போனபோது கரையான் அரித்திருந்தது என்பார்கள்.

அதற்குள் அம்மையாரின் செல்வமும் கரைந்து, உடலும் நலிந்துவிட்டது. 619ஆம் ஆண்டு காலமானார். மக்காவின் முஅல்லா அடக்கத்தலத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அபூதாலிபும் அதே ஆண்டில் மறைந்ததால் அது துயர ஆண்டு எனப்படுகிறது. பின்னாளிலும் வீட்டில் ஆடு அறுத்தால், கதீஜாவின் தோழிகளுக்கு நாயகம் அவர்கள் பங்கு அனுப்புவது வழக்கம்.

அம்மையார் ஆள் அறிவதில் வல்லவர் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. தம் உடன்பிறந்த ஹாலாவின் மகனான அபுல் ஆஸ் என்ற இளம் வணிகருக்கு மூத்த மகள் ஸைனபைக் கொடுக்கும்படி சொன்னவர் அவரே. அபுல் ஆஸ் நெடுநாள் இஸ்லாத்தை ஏற்கவில்லை. 624இல் பத்ருப் போரில் சிறைப்பட்டபோது, அவரை மீட்க ஸைனப் அனுப்பிய பொருள்களில் தாயார் தமக்குப் போட்ட கழுத்து மாலையும் இருந்தது. அதைக் கண்டு நாயகம் அவர்கள் மனம் உருகி, தோழர்களின் சம்மதத்தோடு அவரையும் விடுவித்து, மாலையையும் திருப்பி அனுப்பினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, குறைஷியர் பலரின் முதலோடு ஷாமிலிருந்து திரும்பிய அபுல் ஆஸின் சரக்கு முஸ்லிம் படையிடம் பிடிபட்டது. அவர் இரவோடு இரவாக மதீனாவில் ஸைனபிடம் அடைக்கலம் புகுந்தார். பழைய வாளி, தோற்பை, கயிறு உட்பட எல்லாம் அவரிடம் திருப்பித் தரப்பட்டன. அவர் மக்காவுக்குப் போய் அவரவர் முதலையும் பங்கையும் அவரவரிடம் ஒப்படைத்தார். இன்னும் யாருக்காவது என்னிடம் பாக்கி உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அதன் பிறகே தாம் இஸ்லாத்தை ஏற்றதை அறிவித்தார். மதீனாவிலேயே ஏற்றிருந்தால், எங்கள் பணத்தை விழுங்கத்தான் மாறினான் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள் என்று அவர்களிடம் கூறிவிட்டு, ஸைனப் இருந்த ஊருக்குப் புறப்பட்டார்.