கைக்குழந்தையின் குடல்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை வீட்டில் இருப்பவர்களுக்கு

பிறந்த கன்றின் குடல் சுமார் ஒரு நாள்தான் சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களை அப்படியே ரத்தத்துக்குள் விடும். பிறகு வழி அடைபட்டுவிடும். நம் குழந்தைக்கு அந்தப் புரதம் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. ஆனால் குடலின் உள்சவ்வு முதிர மாதக்கணக்கில் ஆகும். வீட்டு வைத்தியம் விளையாடுவது அந்த மாதங்களில்தான்.

செய்ய வேண்டியவை

- பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். அது குடல்சுவரில் கிருமி ஒட்டாமல் காக்கும். சிசேரியன் என்றாலும் நர்ஸிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.
- குறைமாதக் குழந்தைக்குப் பாலைக் கறந்து பாலாடையிலாவது புகட்டுங்கள். குடல் அழுகும் நோய் பவுடர் பாலில்தான் அதிகம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது.
- ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் ரோட்டா சொட்டு மருந்து போடுங்கள். அரசு மையங்களில் இலவசம்.
- பேதியானால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், டாக்டர் சொல்லும் ஜிங்க் மருந்தை 14 நாளும் முடியுங்கள். சிதைந்த சவ்வு வளர அது உதவும்.
- ஆறு மாதத்துக்குப் பிறகு தரும் லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவானாலும் கொதிக்கவையுங்கள். எண்ணெய் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். கொதித்தாலும் எண்ணெய் போகாது. 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க்காரர்கள் வீட்டுக்குள்ளேயே எண்ணெயைப் பார்த்தவர்கள்.

செய்யக்கூடாதவை

- ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்காதீர்கள். அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து இளங்குடலில் முளைத்து நஞ்சு கக்கும், கைகால் தளர்ந்துபோகும்.
- தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலை வாங்காதீர்கள். காய்ச்சாத பால், கழுவாத சங்கு. மஞ்சள் காமாலைக்கு மருந்து என்பது வெறும் பேச்சு.
- வெயிலென்று ஆறு மாதத்துக்குள் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் தராதீர்கள். தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான்.
- ஒரு வயதுக்குள் பசும்பாலைப் பிரதான உணவாக்காதீர்கள். குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து சோகை வரும்.
- ஆறு மாதத்துக்கு முன் கஞ்சி ஆரம்பிக்காதீர்கள். மாவைச் செரிக்கும் கணையச் சுரப்பு அதுவரை மிகக் குறைவு.
- உரைமருந்து தேய்க்காதீர்கள். கல்லிலிருக்கும் அழுக்கும் சேர்ந்து இறங்கும்.
- தொக்கம் எடுக்கத் தூக்கிப்போகாதீர்கள். வாயில் விடும் கையும் ஊதும் மூச்சும் கிருமியைச் சேர்க்கும்; பேதியின்போது சிகிச்சைக்கான நேரமும் வீணாகும்.
- பேதியின்போது தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

உச்சிக்குழி உள்வாங்கினாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ஆட்டோ பிடித்து நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள்.