கருந்துளை ஆய்வுக்கு மடிக்கணினி போதும்

பெருங்கருந்துளைகளை ஆராய வேண்டும் என்று சொல்லும் இயற்பியல் மாணவர்கள் பலர், தொலைநோக்கி கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மலையில் 2.5 மீட்டர் தொலைநோக்கியோடு 2000-இல் தொடங்கிய ஸ்லோன் வானக் கணக்கெடுப்பு, தன் தரவை உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. அதன் 2020 பட்டியலில் ஏழரை லட்சம் குவாசர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் நடுவிலும் வாயுவை விழுங்கும் கருந்துளை ஒன்று.

முதலில் தரவுத்தளங்களை வினவும் எஸ்க்யூஎல் மொழி. ஸ்லோனின் ஸ்கைசர்வர் தளத்திலேயே மாதிரி வினவல்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றி எழுதிப் பழகுங்கள். பிறகு பைதான் நிரல்மொழியும் வானியலுக்கான அதன் ஆஸ்ட்ரோபை தொகுப்பும். இவை சில மாதங்களில் கைவந்துவிடும்.

கைவராமல் பலரைத் தடுக்கிவிடுவது வேறு: பட்டியலில் என்ன விடுபட்டது என்று கேட்கும் பழக்கம். செம்பெயர்ச்சி 2.7-ஐ ஒட்டிய குவாசர்களின் நிறம் சாதாரண விண்மீன்களின் நிறத்தோடு ஒத்துப்போகும். நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றில் பல நழுவிவிடும். அது தெரியாமல் வரைபடம் போட்டால் அந்தச் செம்பெயர்ச்சிக்குரிய காலகட்டத்தில் குவாசர்களே குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். நிறையும் அப்படித்தான். நிறமாலைக் கோட்டின் அகலத்தையும் ஒளிர்வையும் கொண்டு கணிக்கும் நிறை, இரண்டு மூன்று மடங்கு பிசகக்கூடியது. அட்டவணையில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். மென்பொருள் செம்பெயர்ச்சியையே தவறாகப் படித்த நிறமாலைகளும் உண்டு. ஐம்பதையாவது கண்ணால் பாருங்கள். முனைவர் பட்ட நேர்முகத் தேர்வில் இந்த அனுபவம் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும் என்பது என் உறுதியான கருத்து.

முனைவர் பட்டத்துக்கு ஜெஸ்ட் தேர்வு ஒரு வழி. பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், புனேயின் வானியல் மையமான ஐயூகா ஆகியவற்றின் சேர்க்கை அறிவிப்புகளை ஆண்டுதோறும் கவனியுங்கள்.

அடுத்த அலை சிலியிலிருந்து வருகிறது. 8.4 மீட்டர் கண்ணாடி கொண்ட வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. பத்தாண்டுகளுக்குத் தென்வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுப்பது அதன் திட்டம். குவாசர்களின் ஒளி மாதக்கணக்கில் ஏறி இறங்குவதைப் பின்தொடரத் தெரிந்தவர்கள் அப்போது நிறையத் தேவைப்படுவார்கள். ஆகவே காலத்தொடர்ப் பகுப்பாய்வை இப்போதே படியுங்கள். ரூபினின் முழுத் தரவு முதலில் உரிமை பெற்ற குழுக்களுக்கே போகும். வானில் ஒளி மாறியதும் அது அனுப்பும் எச்சரிக்கைகளோ எந்த நாட்டு மாணவருக்கும் திறந்தவை.