மணலும் உயிருடையதே

கடல்நீர் மீன்தொட்டியைக் காண்போர் அதில் நீந்தும் வண்ண மீன்களையே நோக்குவர். அடியில் கிடக்கும் மணலை நோக்குவார் மிகச் சிலரே. ஆயினும் அம்மீன்களின் உயிரைக் காப்பதில் மணலுக்குப் பெரும்பங்கு உண்டு.

மீன்களின் கழிவிலிருந்தும், எஞ்சிய உணவு அழுகுவதாலும் அமோனியா தோன்றுகிறது. இது மீன்களுக்குக் கொடிய நஞ்சாகும். மணலின் மேலடுக்கில், ஆக்சிஜன் உள்ள பகுதியில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா இதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மாற்றம் இத்துடன் நின்றால் நைட்ரேட் நாளுக்கு நாள் பெருகும், பாசி மண்டும், பவள உயிர்கள் நலியும். மணலின் ஆழத்தில், ஆக்சிஜன் அருகிய இடத்தில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைச் சுவாசத்திற்குப் பயன்படுத்திக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளிவிடுகின்றன. அவ்வாயு காற்றில் கலந்துவிடுகிறது.

1980களில் பிரெஞ்சு அறிஞர் ழான் ஜொபேர் இத்தத்துவத்தைத் தொட்டியில் செயல்படுத்தினார். அடியில் துளைத்தட்டு அமைத்து, அதன்கீழ் நீர் தேங்க இடம் விட்டு, மேலே மணல் பரப்புவது அவர் முறை. மொனாக்கோவில் பவளத் தொட்டிகள் இவ்வாறு பேணப்பட்டன. பின்வந்தோர் தட்டின்றியே, 10 முதல் 15 செ.மீ. ஆழத்திற்கு நுண்மணல் பரப்பி அப்பயனைப் பெற்றனர்.

இத்தகைய மணலைப் பேணுவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை:

1. கால்சியம் கார்பனேட்டாலான நுண்மணல் சிறந்தது. அதன்மேல் நலமான பழைய தொட்டியின் மணலில் ஒரு பிடி இட்டால், அதிலுள்ள உயிர்கள் பல்கிப் பெருகும்.

2. உயிருள்ள மணலை நன்னீரில் கழுவலாகாது. சவ்வூடு பரவலால் நன்னீர் உட்புகுந்து, அதிலுள்ள சிற்றுயிர்கள் மாண்டுபோகும்.

3. புதிய தொட்டியில் உடனே மீன்களை விடலாகாது. அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படாத நிலை வரும்வரை, பெரும்பாலும் சில வாரங்கள், பொறுத்தல் வேண்டும்.

4. ஆழ்மணலைக் கிளறலாகாது. அடியில் ஹைடிரஜன் சல்பைடு சேர்ந்திருப்பின், அது நீரில் கலந்து மீன்களைக் கொல்லக்கூடும். அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். மேற்பரப்பை மெல்லக் கிளறும் பணியைச் சிறு புழுக்களும் நத்தைகளும் செய்யும். அவற்றைத் தின்னும் மீன்களைத் தவிர்த்தல் நலம்.

5. உணவை அளவோடு இடுக. ஆவியாகி நீர் குறையும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே நன்னீர் கொண்டே ஈடு செய்க.

மணலுக்காகவோ அழகுக்காகவோ பவளப்பாறைகளை உடைத்தல் தகாது. பாறை அமைக்கும் பவளங்களும் கடல் அட்டைகளும் 2001 முதல் நம் நாட்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன.

அடிக்கடி கழுவுவதே தூய்மை என்று எண்ணுகிறோம். இங்கோ, கழுவத் துணியும் கையே தூய்மை செய்யும் உயிர்களை அழித்துவிடுகிறது. எதைத் தொடலாகாது என்று அறிவதும் உயிரியல் பாடமே ஆகும்.