தேக்காவுக்குப் பக்கத்தில்தான் வீடு வேண்டுமா?

கேள்வி: மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே நமக்குத் தெரிந்தவர் யாருமில்லை. இங்கிருந்தே வாடகை வீடு பிடித்து முன்பணம் அனுப்பிவிடலாமா? (வாசகர், படவேடு)

பதில்: வேண்டாம். நம்மூரில் ரேணுகாம்பாள் கோயில் தெருவில் ஒரு வீட்டைக்கூடப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பீர்களா? படத்தை மட்டும் காட்டிப் பணம் பறிப்பவர்கள் அங்கேயும் உண்டு.

முதலில் ஓர் அறை போதும். தனி வீடு பிறகு பார்க்கலாம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசு அடுக்குமாடி வீடுகளில் அறையானாலும் முழு வீடானாலும் ஒப்பந்தம் குறைந்தது 6 மாதத்துக்கு இருக்க வேண்டும். "ஒரு மாதம் இருந்து பாருங்கள்" என்று எவராவது சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பான பேச்சு. வாடகைக்கு விட உரிமையாளர் வீவக அனுமதி பெற்றிருக்கிறாரா என்று மகன் தயங்காமல் கேட்கட்டும்.

தரகர் வந்தால், சொத்து முகவர் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பெயர் இருந்தாலும் வாடகையையோ முன்பணத்தையோ அவர் கையில் கொடுக்கக் கூடாது. உரிமையாளருக்கே செலுத்த வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை முன்பணம் என்பது வழக்கம். சென்னை அட்வான்ஸை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பலர் மறப்பது முத்திரைத் தீர்வை. மொத்த வாடகையில் 0.4 சதவீதம், மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் ஆண்டுக்கு 48 வெள்ளி. அங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா பக்கம் சாப்பாட்டுக்கு வசதி, வாடகைதான் கூடுதல். ரயில் வசதி எங்கும் இருப்பதால் கொஞ்சம் தள்ளியே பார்க்கலாம். சமைக்க விடுவார்களா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்பே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.