கடனாகவே இருக்கட்டும்

கோவையிலிருந்து மேற்கே செல்லும் சாலை ஆனைகட்டியில் மாநில எல்லையைத் தொடுகிறது. அதற்கப்பால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. அங்கே பெய்யும் மழை பவானியாகித் தமிழகத்தினுள் வருகிறது. தெற்கே இடுக்கி மலைகளில் பெய்யும் மழை பாம்பாறாகி அமராவதியில் கலக்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்றே. அவற்றுள் இரண்டு இவை. இந்நீரைப் பருகி வாழும் நாம் அம்மலைகளை நன்றியுடன் நினைப்பது அரிது. 2018 ஆகஸ்டில் அவை இடிந்து சரிந்தபோதுதான் நினைத்தோம்.

அம்மாதம் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. மலைச்சரிவுகளில் வீடுகள் புதையுண்டன. சமவெளியிலோ மக்கள் கூரைகளின்மீது ஏறி நின்றார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அப்போது கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் புறப்பட்டார்கள். தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கடலையே காணாத செங்கன்னூர், ஆறன்முளைப் பகுதிகளின் தெருக்களுக்கு வந்தார்கள். சுற்றுச்சுவர்களிலும் மின்கம்பங்களிலும் மோதிப் படகுகள் உடைந்தன. மீனவர்கள் காப்பாற்றியவர்கள் சுமார் 65,000 பேர் என்பது அரசு கூறிய கணக்கு.

இவர்கள் யார்? ஒன்பது மாதங்களுக்கு முன், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயலில் தந்தையரையும் சகோதரர்களையும் கடலுக்குப் பறிகொடுத்த பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களின் மக்களும் இவர்களுள் இருந்தனர். தாங்கள் கதறியபோது உதவி விரைந்து வரவில்லை என்ற மனக்குறை அவ்வூர்களில் ஆறாமல் இருந்தது. அந்தக் குறையை ஒரு காரணமாகக் கொண்டு அவர்கள் கரையிலேயே இருந்திருந்தால் யார் குற்றம் சொல்லியிருக்க முடியும்? பின்னர் அரசு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அறிவித்தபோது, வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு.

இத்தகைய உதவிக்கு எவ்வாறு நன்றி செலுத்துவது?

வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் இக்கேள்விக்கு வியப்பான ஒரு விடை உள்ளது. பட்டாபிஷேகத்திற்குப் பின் ஹனுமானுக்கு விடைகொடுக்கும் ஸ்ரீராமர், அவர் செய்த உதவி தம்முள்ளேயே ஜீரணமாகிவிடட்டும் என்கிறார். காரணம், ஒருவன் பதிலுதவி பெறும் நிலைக்கு ஆளாவது ஆபத்துக் காலத்தில்தான். கைம்மாறு செய்ய விரும்புவது, உதவியவனுக்கு ஆபத்து வரவேண்டும் என்று விரும்புவதாகவே முடியும். ஆகவே தாம் கடன்பட்டவராகவே இருக்கச் சம்மதிக்கிறார்.

நன்றி மறத்தலைக் குற்றம் என்று அனைவரும் அறிவோம். நன்றிக் கடனை அவசரமாகத் தீர்த்துவிடத் துடிப்பதிலும் ஒரு குறை ஒளிந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. மாலையும் பொன்னாடையும் அணிவித்து முடித்ததும் மனம் லேசாகிவிடுகிறது. கணக்கு நேராகிவிட்டது என்று எண்ணுகிறது. ‘யாருக்கும் நான் கடன்பட்டவன் அல்ல’ என்று நிமிர்ந்து நிற்க விரும்புவது அகங்காரமே. விழா முடிந்தபின் அதே மீனவர்களின் வீடுகளைக் கடல் அரித்துச் செல்வதை எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள்? தீராத கடன் என்று உணர்ந்திருந்தால் பார்வை அவ்வளவு எளிதில் விலகியிராது. பெற்றோருக்கு நாம் பட்ட கடனும் இத்தகையதே. அதைத் தீர்த்துவிட்டதாக எந்த மகனாவது சொன்னால் கேட்பவர்கள் நகைப்பார்கள்.

அப்படியானால் கைம்மாறே கூடாதா? கூடாதது கைம்மாறுக்கான தருணத்தை விரும்புவது. தருணம் தானே வந்து நின்றால் விலகி நிற்க ராமர் சொல்லவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. காவிரி டெல்டாவில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. ஆகஸ்டில் தமிழக மக்கள் திரட்டிய அரிசியும் துணியும் லாரிகளில் சென்ற திசையிலிருந்து இப்போது கேரள மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள். மூன்று மாதங்களுக்கு முன் தங்கள் சொந்த ஊர்களில் செய்த அதே வேலையை, மொழி சரியாகப் புரியாத வயல்வெளிகளில், நமது மின்வாரியத் தொழிலாளர்களோடு சேர்ந்து செய்தார்கள்: சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தினார்கள், அறுந்த கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள்.