சாக்ஸ் பின்ன எந்த ஊசி?

"படியேறினதிலே கல்லு குத்திடுச்சுங்க ஐயா" என்று காலை நீட்டினார் அந்தப் பெரியவர். திருத்தணி மலைக்கு 365 படிகள். கிருத்திகை முடிந்தால் கால் புண்ணோடு நாலு பேர் வருவது வழக்கம்தான். ஆனால் இவருக்கு உள்ளங்காலில் ஒன்றுமில்லை. விரல்களின் மேல் கோடு கிழித்தாற்போலப் புண். பல வருஷ மதுமேகம், கால் மரத்துப் போயிருந்தது. மார்கழிக் குளிருக்கு மகள் ஆசையாய்ப் பின்னிக் கொடுத்த சாக்ஸை வாங்கி உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். நுனியில் தடித்த தையல்!

"இது படி செய்த வேலை இல்லேம்மா, ஊசி செய்த வேலை" என்றேன்.

ஸ்வெட்டர் பின்னும் இரண்டு நீள ஊசிகளில் தட்டையாகத்தான் பின்ன வரும். அதைச் சாக்ஸாக்க ஓரங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். உறுத்தினால் நாம் கழற்றிவிடுவோம். மரத்த காலுக்கு அது தெரியாதே!

சாக்ஸுக்கென்று இருமுனையும் கூரான குட்டை ஊசிகள் செட்டாகக் கிடைக்கின்றன. ஐந்து உள்ள செட்டை வாங்குங்கள். நான்கில் கண்ணிகளைப் பங்கிட்டு (64 கண்ணி என்றால் ஊசிக்கு 16), ஐந்தாவதால் சுற்றிச் சுற்றிப் பின்னினால் குழாய் மாதிரி வரும். பக்கத் தையலே கிடையாது. நுனியைக் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடுங்கள். முடிச்சு உள்ளே நிற்கக் கூடாது.

நம்பரில்தான் ஏமாந்து போவோம். நம் ஊரில் பழகிய இங்கிலீஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 12 என்றால் 2.75, 14 என்றால் 2. அமெரிக்கக் கணக்கு தலைகீழ். அங்கே 2ஆம் நம்பர் 2.75 மி.மீ.; இங்கே அதே 2 கேட்டால் 7 மி.மீ. தடியைக் கொடுப்பார்கள்! ஆகவே மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய நூலுக்கு 2.25 முதல் 2.75 வரை போதும். அதற்குமேல் தடித்தால் கண்ணி அகன்று விரல் மாட்டும். ரொம்ப மெலிந்தால் சாக்ஸ் விறைக்கும். ஸ்டீல் ஊசி வழுக்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மூங்கில் நல்லது.

மேல்பட்டிக்கு எலாஸ்டிக் வேண்டாம். 2 நிட், 2 பர்ல் என்று பின்னினாலே இழுவை கிடைக்கும். நிறம் வெள்ளையாக இருக்கட்டும், கசிவு இருந்தால் உடனே தெரியும். கடைச் சாக்ஸ்தான் என்றால் தையல் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள்.

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் அந்தப் புண்ணுக்கு எண்ணெய் கொடுத்து நாள் கடத்தவில்லை, அன்றே சர்ஜனிடம் அனுப்பினேன். புண் ஆறிய பிறகு அந்தப் பெண் புது சாக்ஸ் கொண்டுவந்து காட்டினாள். முதலில் உள்ளே கைவிட்டுத் தடவித்தான் பார்த்தேன்.