காலி டின்னின் எடை என்ன?

சாத்தூர் என்றதும் காரச்சேவை நினைத்து நாவில் நீர் ஊறுகிறதா? அதை வைத்தே ஒரு கணக்கு! எண்ணெய் டின் ஒன்றில் 3 படி சேவு போட்டு, டின்னோடு நிறுத்தால் 2.1 கிலோ, 7 படி போட்டால் 3.7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காலி டின்னின் எடை என்ன?

2.1-ஐ 3-ஆல் வகுத்துவிடாதீர்கள். டின்னையும் சேவு விலைக்கு வாங்கியவர் ஆவீர்கள்! கூடிய 4 படிக்குக் கூடிய எடை 1.6 கிலோ. ஆகவே படிக்கு 0.4 கிலோ, இதுவே கோட்டின் சாய்வு. 3 படிச் சேவின் எடையாகிய 1.2-ஐ 2.1-இலிருந்து கழித்தால் மீதி 0.9 கிலோ.

வரைபடத்தாளில் படியை எக்ஸ் அச்சிலும் எடையை ஒய் அச்சிலும் குறித்து, இரு புள்ளிகளையும் இணைத்து இடப்பக்கம் நீட்டுங்கள். கோடு ஒய் அச்சை 0.9-இல் வெட்டும். அதுவே வெட்டுத்துண்டு, சேவே இல்லாதபோது டின்னின் எடை. 7 படியைக் கொண்டும் சரிபாருங்கள்: 3.7 − 2.8 = 0.9. ஒன்று, ஒரு முறை தலைதட்டியும் மறுமுறை குவித்தும் அளந்தால் இந்தக் கணக்கு பலிக்காது!